அறுவைக்குப் பணம் உண்டு, பயிற்சிக்கு ஏன் இல்லை?

முதுகு வலியோ மூட்டு வலியோ மூன்று மாதங்களைத் தாண்டிவிட்டால் தமிழ்நாட்டில் ஒருவர் எங்கெல்லாம் போவார் என்பது எல்லா வீடுகளுக்கும் பழகிய பாதை. முதலில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. அடுத்து பக்கத்துத் தெரு டாக்டர் போடும் ஊசி. பிறகு எலும்பு டாக்டர், எக்ஸ்ரே, எம்ஆர்ஐ ஸ்கேன், இடுப்புக்கு ஒரு பெல்ட், பத்து நாள் ‘கரண்ட்’ சிகிச்சை. அப்போதும் தீராவிட்டால் யாரோ சொன்னார்கள் என்று புத்தூர்க் கட்டு, தைலம், பெயர் எழுதாத பொட்டலத்தில் தரும் பொடி. கையிருப்பு கரைந்துவிடும், வலி இருந்த இடத்தில் இருக்கும். இப்படி அலைபவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று கடிந்துகொள்வது நியாயமல்ல. நம்பிப் போவதற்கு ஓர் இடம் இல்லாததால்தான் அவர்கள் அலைகிறார்கள். அந்த இடத்தை ஏற்படுத்த வேண்டியது அரசின் கடமை. அரசு அந்தக் கடமையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறது.

இது யாரோ சிலரின் துன்பம் அல்ல. 2020-ல் உலகம் முழுவதும் சுமார் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு வாழ்ந்தார்கள் என்கிறது உலக நோய்ச்சுமை ஆய்வு. உயிரைப் பறிக்காமல் மனிதரை முடக்கிப்போடும் காரணங்களில் உலக அளவில் முதலிடம் இதற்குத்தான். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில், நாள்பட்ட வலி தனி நோயாகவே இடம்பெற்றுவிட்டது. வேறு ஏதோ ஒரு நோயின் அறிகுறி என்று மட்டும் அதை ஒதுக்க இனி வழியில்லை. ஆனால், நம் மருத்துவமனைகளில் இன்னமும் அது எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத நோய். எலும்பு சிகிச்சைத் துறை நரம்புத் துறைக்கு அனுப்பும்; நரம்புத் துறை “பெரிதாக ஒன்றுமில்லை” என்று திருப்பி அனுப்பும். வலியால் இரவெல்லாம் உறங்காத ஒருவருக்கு அந்த வாக்கியம் எவ்வளவு பெரிய அவமானம் என்பது சொல்பவருக்குத் தெரிவதில்லை.

புதிய வலியும் பழைய வலியும் ஒரே வகைப்பட்டவை அல்ல. கை சுட்டால் வரும் வலி உடலைக் காப்பாற்றும் எச்சரிக்கை. காயம் ஆறியதும் அது அடங்கிவிடும். நாள்பட்ட வலியில் பலருக்கும் நரம்பு மண்டலம் கூர்மையாகிவிடுகிறது. திருடன் போன பிறகும் குரைத்துக்கொண்டே இருக்கும் நாயைப் போல, ஆபத்து நீங்கிய பிறகும் அது எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. வலி பொய்யல்ல, கற்பனையும் அல்ல. ஆனால், வலிக்கும் இடத்தில் மட்டும் காரணத்தைத் தேடினால் அது அகப்படாது. தூக்கமின்மை, கவலை, வேலைப்பளு, அசைந்தால் இன்னும் கெட்டுவிடுமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்துதான் அந்த வலியை வளர்க்கின்றன.

அந்தப் பயத்தை மருத்துவமே விதைத்துவிடுவதுதான் வேதனை. “முதுகு ஜவ்வு விலகிடுச்சு, இனி குனியாதீங்க, குடம் தூக்காதீங்க” என்று ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொல்லப்படுவதைக் கேட்காத குடும்பம் இல்லை. 2015-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் திரட்டிப் பார்த்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதத்தினருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. எண்பது வயதில் அது 84 சதவீதம். தேய்மானம் இருபது வயதில் 37 சதவீதம், எண்பதில் 96 சதவீதம். தலை நரைப்பதைப் போல் முதுகெலும்பிலும் வயது தெரியும் என்பதையே இந்த எண்கள் சொல்கின்றன. இதை எடுத்துச் சொல்ல யாரும் இல்லாததால், நாற்பது வயதுப் பெண் ஒருவர் ஸ்கேன் அறிக்கையை மடித்து வைத்துக்கொண்டு அன்றிலிருந்து குனிவதை நிறுத்துகிறார், தசை வலுவிழக்கிறது, வலி கூடுகிறது. ஸ்கேன் அவசியமானவர்கள் உண்டு. காலில் பலம் குறைதல், சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போதல், தொடை இடுக்கில் மரத்துப்போதல், காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, கீழே விழுந்து பட்ட அடி, முன்பு புற்றுநோய் இருந்திருத்தல் இவற்றில் ஏதேனும் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு, கையால் தொட்டுப் பார்த்து நிதானமாகக் கேள்வி கேட்கும் மருத்துவர்தான் முதலில் தேவை.

நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு எது உதவும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதலாகவே வெளியிட்டது. நோயாளிக்கு வலியைப் பற்றிப் புரியவைத்தல், முறையான உடற்பயிற்சி, தேவைப்படுவோருக்கு உளவியல் சிகிச்சை, கைவழிச் சிகிச்சைகளில் சில, மசாஜ், அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரைகள் ஆகியவை அதில் பரிந்துரைக்கப்படுகின்றன. இடுப்பு பெல்ட், முதுகை இழுக்கும் ‘டிராக்‌ஷன்’, அபின் வகை வலிநிவாரணிகள் ஆகியவை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படவில்லை.

இந்தப் பின்னணியில், ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி அறைக்குக் காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். வாசல் பெஞ்சில் இடமில்லாமல் சுவரோரம் நிற்பவர்கள். உள்ளே மெழுகு உருகும் வாடை. ஒரு கட்டிலில் இடுப்பில் பட்டை கட்டி எடை தொங்கவிட்டு முதுகை இழுத்தபடி ஒருவர். பக்கத்துக் கட்டிலில் முழங்காலில் ஈர ஸ்பாஞ்சு வைத்து ‘கரண்ட்’ வாங்கும் ஒரு பாட்டி. சிகிச்சையாளர் ஓடி ஓடிக் கருவிகளை மாற்றி மாட்டுகிறார். அவரிடம் திறமை இல்லாமல் இல்லை. ஒருவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து, அவர் வீட்டில் எப்படிக் குனிகிறார், எத்தனை மணி நேரம் நிற்கிறார், எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க அவருக்கு நேரம்தான் இல்லை. கருவியை மாட்டிவிட்டால் அடுத்தவரைப் பார்க்கலாம். கூட்டம் அதிகமாகவும் ஆட்கள் குறைவாகவும் உள்ள இடத்தில், பலன் குறைந்த சிகிச்சையே வழக்கமாகிப் போகிறது.

உடலையும் மனதையும் சேர்த்துப் பார்க்கும் மறுவாழ்வுச் சிகிச்சை நமக்கு அந்நியமானது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1954-ல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமானார். சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. மருத்துவர், இயன்முறை மருத்துவர், செயல்முறைச் சிகிச்சையாளர், உளவியலாளர் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவது எப்படி என்பது இந்த மண்ணில் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்த விஷயம். ஆனாலும் தென்காசியிலோ அரியலூரிலோ வலியோடு இருப்பவருக்கு அது எட்டவில்லை.

எட்டாததற்கு முக்கியக் காரணம் பணம் போகும் வழி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் லட்சக்கணக்கான ஏழைகளைக் கடனிலிருந்து காத்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமல்ல. ஆனால், அரசுக் காப்பீடானாலும் தனியார் காப்பீடானாலும், அதன் கட்டமைப்பு மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சையைச் சுற்றியே அமைந்திருக்கிறது. முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குப் பணம் உண்டு. அந்த அறுவையைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடவோ சிலருக்குத் தேவைப்படாமலே செய்யவோ கூடிய பயிற்சியைப் பெற, வாரம் இருமுறை பேருந்து ஏறி வரும் வெளிநோயாளிக்குப் பெரும்பாலும் எதுவும் இல்லை. அன்றாடக் கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. நான்காவது வாரம் அவர் வருவதில்லை. “நோயாளி ஒத்துழைக்கவில்லை” என்று பதிவேட்டில் எழுதப்படுகிறது. அறுவை தேவையானவருக்கு அறுவை நடக்கத்தான் வேண்டும். 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது நல்ல முடிவு. அந்த அக்கறை அறுவைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய பயிற்சிக்கும் வர வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அரசு விட்ட இடத்தை நிரப்ப ஆள் வந்துவிடுவார்கள். மூட்டு வலி ஒரே வாரத்தில் பறந்துபோகும் என்று தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் வரும் விளம்பரங்களை இங்கு சட்டம் அனுமதிக்கவில்லை; மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் வந்தது 1954-ல். தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று அது சொல்லும் நோய்களின் பட்டியலில் வாத நோயும் இருக்கிறது. எழுபது ஆண்டுகள் கழிந்தும் விளம்பரங்கள் குறையவில்லை. இன்னும் கொடியது பெயரில்லாப் பொட்டலங்களில் கலக்கப்படும் ஸ்டீராய்டு. இரண்டே நாளில் வலி மாயமாய் மறையும். சில மாதங்களில் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், சிலருக்கு இடுப்பு மூட்டு எலும்பே ரத்த ஓட்டமின்றிச் செத்துப்போகும். பயந்து திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. கலப்படம் செய்பவர் தப்பிவிடுகிறார். பழி முழுவதும் சித்த மருத்துவத்தின் மீது விழுகிறது. வர்மம், தொக்கணம் என்னும் கைவழிச் சிகிச்சைகளை முறையாகக் கற்ற, பதிவு பெற்ற சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். அவர்களையும் வலி சிகிச்சைக் குழுவில் சேர்த்து, பலனை அளந்து பார்க்கலாம். பெயரும் உட்பொருளும் எழுதாத மருந்தைக் கொடுப்பவர் எந்த முறையைச் சேர்ந்தவரானாலும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அவரிடம் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். முடிவை மாதந்தோறும் வெளியிட வேண்டும். பிசியோதெரபி என்று பலகை மாட்டியிருப்பவர் படித்தவரா என்பதையும் நோயாளி இன்று ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது. இயன்முறை மருத்துவர் உள்ளிட்டோருக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-ல் நிறைவேறிவிட்டது. பெயரைத் தட்டினால் தகுதி தெரியும் பதிவேடு தமிழிலேயே மக்கள் கைக்கு வர வேண்டும்.

அதுவரை ஒருவர் எதை வைத்து நம்புவது? முழுக் குணம் என்று வாக்குறுதி தருபவரை விட, “மாடிப்படி ஏற வேண்டுமா, தரையில் உட்கார்ந்து எழ வேண்டுமா, என்ன செய்ய முடிந்தால் உங்களுக்குப் போதும்?” என்று கேட்பவரை நம்பலாம். மருந்தின் பெயரைத் தெளிவாக எழுதித் தருபவரை, வீட்டில் செய்யப் பயிற்சி சொல்லிக்கொடுத்து நாளடைவில் தன் உதவி தேவைப்படாதபடி ஆக்குபவரை நம்பலாம். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

நம்பிப் போக ஓர் இடத்தை ஏற்படுத்தும் திறன் தமிழ்நாட்டுக்கு உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிப் போகிறார்கள். அதே ஆண்டில்தான் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. நாள் முழுவதும் நின்றே வேலை செய்யும் ஜவுளிக்கடைப் பெண்களின் முதுகையும் காலையும் பற்றிச் சட்டமன்றம் யோசித்த தருணம் அது. இருக்கை உண்மையில் போடப்பட்டிருக்கிறதா, அதில் உட்கார விடுகிறார்களா என்று தொழிலாளர் துறை ஆய்வு செய்தால், வலி நோயாளிகளாக நாளை வரவிருக்கும் பலர் வராமலே போவார்கள்.

ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களிலாவது வலி மற்றும் மறுவாழ்வுப் பிரிவு இயங்க வேண்டும். அதற்கான இயன்முறை மருத்துவர், உளவியலாளர் பணியிடங்களை ஒப்பந்தக் கூலியில் ஒப்பேற்றாமல் நிரந்தரமாக நிரப்ப வேண்டும். அந்தப் பிரிவு எழுதித் தரும் பயிற்சியை ஊரிலேயே தொடர, மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்களை அதனோடு இணைக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துடன் அடுத்த ஒப்பந்தம் போடும்போது, வெளிநோயாளியாகப் பெறும் மறுவாழ்வுப் பயிற்சியை ஒரு சிகிச்சைத் தொகுப்பாகச் சேர்த்து, பேருந்துக் கட்டணத்தையும் இழந்த கூலியில் ஒரு பகுதியையும் அதில் கணக்கிட வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. சுகாதாரத் துறையும் நிதித் துறையும் சேர்ந்து முடிவெடுத்து, வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்கான தொகையை ஒதுக்க வேண்டும்.