ஆயில் வெளுத்தால் கேஸ்கெட்தானா?

மீன்பிடித் துறைமுகத்துப் பட்டறைகளில் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கிறது: "ஆயில் பால் மாதிரி ஆயிடுச்சா? ஹெட் கேஸ்கெட் போச்சு. கழட்டிற வேண்டியதுதான்." கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, தடைக்காலத்தின் 61 நாளில் இப்படி ஒரு வேலை வந்தால் சமாளிக்கலாம். சீசன் நடுவில் வந்தால் படகு கரையில் நிற்கிறது, உரிமையாளர் கடன் வாங்குகிறார், அந்தப் படகை நம்பியவர்களுக்குப் பங்கு இல்லை. ஹெட்டைக் கழற்றி, புது கேஸ்கெட் போட்டு, கடலுக்குப் போய் வந்தால் ஆயில் மறுபடி வெளுத்திருக்கிறது! தவறு வேலை செய்த கையில் இல்லை, நோயை முடிவுசெய்த விதத்தில் இருக்கிறது.

ஆயிலுக்குள் தண்ணீர் நுழைய கேஸ்கெட் ஒரு வழி, அவ்வளவுதான். அது போனால் பெரும்பாலும் கூடவே வேறு அடையாளங்களும் வரும். என்ஜின் ஆறியிருக்கும்போது ஹெடர் டேங்க் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால், எரிந்த வாயு விடாமல் குமிழியிடும். சூடு ஏறும். தண்ணீர் பொங்கி வழியும். புகை வெள்ளையாக வரும். இவை எதுவுமே இல்லாதபோது கேஸ்கெட்டைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே போனது நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா என்பது. "எதுவானால் என்ன, தண்ணி தண்ணிதானே" என்பவர்கள் கையில் கிடைத்த துப்பையே தூக்கி எறிகிறார்கள். ஆயில் மட்டம் ஏறி, ஹெடர் டேங்க் மட்டம் இறங்கியிருந்தால் கசிவு நல்ல தண்ணிப் பக்கம்: ஹெட், லைனர், கேஸ்கெட். டேங்க் அப்படியே இருந்து ஆயில் மட்டும் ஏறினால் கடல்நீர்ப் பக்கத்தைப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லையா? சம்ப்பில் இருந்து பிரிந்து வந்த தண்ணீரில், பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் இருக்கும் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சில சொட்டு விடுங்கள். கடல்நீர் என்றால் தயிர்க்கட்டி போல வெள்ளையாகத் திரண்டுவிடும். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பான விஷம்.

கடல்நீர் என்று தெரிந்தால் முதலில் ஆயில் கூலர். இதைப் பற்றி ஒரு வாதம் அடிக்கடி வரும்: "ஓடும்போது பிரஷர் நன்றாக இருக்கிறது, கூலரில் ஓட்டை இருக்க முடியாது." உண்மை நேர்மாறானது. ஓடும்போது ஆயில் அழுத்தம் பொதுவாக 3 முதல் 5 பார், தண்ணீர் அழுத்தம் அதைவிட மிகக் குறைவு. ஆகவே ஓட்டை வழியே ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். என்ஜினை அணைத்ததும் ஆயில் அழுத்தம் பூஜ்யம். அப்போதுதான் தண்ணீர் திரும்பி வருகிறது. மாலையில் என்ஜினை நிறுத்தி, ஆயில் வடிந்து இறங்கியபின் டிப் ஸ்டிக்கில் மட்டத்தைக் குறித்துவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் மறுபடி பாருங்கள். ஒரு ராத்திரியில் ஏறியிருந்தால் கூலரைக் கழற்றி, ஒரு பக்கம் அடைத்து, காற்றுக் கொடுத்துத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி வரும் குழாய் தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்தது கியரில் ஓடும் கடல்நீர் பம்ப். அதன் தண்ணீர் சீலுக்கும் ஆயில் சீலுக்கும் நடுவில் சிறு துளை ஒன்று இருக்கும். தண்ணீர் சீல் தேய்ந்தால் நீர் வெளியே சொட்டிப் போகட்டும் என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். சொட்டுகிறதே என்று அந்தத் துளையை அடைப்பது, கடல்நீரை நம் கையாலேயே டைமிங் கவருக்குள் அனுப்பும் வேலை. அந்தச் சொட்டு எச்சரிக்கை. சீலை மாற்றுங்கள், துளையைத் தொடாதீர்கள்.

புகைக்குழாய் வழியை யாரும் நினைப்பதே இல்லை. கடல்நீரைப் புகையோடு கலந்து வெளியேற்றும் படகுகளில், என்ஜின் நின்றபின் நீர் உறிஞ்சப்பட்டு மேனிஃபோல்டு வழியாக சிலிண்டருக்குள் இறங்கலாம். ஸ்டார்ட் ஆகாத என்ஜினை விடாமல் சுழற்றினாலும் அதே கதிதான். குழாய் மேல்நோக்கி நிற்கும் விசைப்படகில் கடல்நீர் இப்படி வராது. ஆனால் மூடியில்லாத குழாயில் வடகிழக்குப் பருவமழை இறங்கும். பிஸ்டன் மேல் தண்ணீர் நிற்கும் சந்தேகம் இருந்தால் ஸ்டார்ட்டரைத் தொடக்கூடாது. தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். நோசில்களைக் கழற்றிவிட்டு, கையால் சுற்றி வெளியேற்றுங்கள்.

நல்ல தண்ணி என்றாலும் உடனே ஹெட்டுக்குப் போக வேண்டியதில்லை. சம்ப்பை இறக்கி, தண்ணீர் சுற்றில் சுமார் 1 பார் அழுத்தம் கொடுத்துக் கீழிருந்து பாருங்கள். லைனரின் வெளிப்புறம் வழியே சொட்டினால் ஓ-ரிங். சிலிண்டருக்குள்ளிருந்து வந்தால் லைனர் அரித்துத் துளைபட்டிருக்கலாம். கூலன்ட் கலக்காமல் வெறும் தண்ணீரில் ஓட்டினால் இந்த அரிப்பு சீக்கிரம் வரும்.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெள்ளைப் பசை, டிப் ஸ்டிக் சுத்தம் என்றால் பெரும்பாலும் அது வியர்வை நீர்தான். என்ஜின் நன்றாகச் சூடேறி ஓடாததன் விளைவு. ஆயில் தெளிவாக இருப்பதாலேயே தண்ணீர் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சுமார் 150 டிகிரியில் சுட்ட தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். 0.1 சதவீத அளவு தண்ணீர் இருந்தாலே படபடவென்று வெடிக்கும். கண்ணைத் தள்ளி வையுங்கள். மட்டம் ஏறியும் சொட்டு வெடிக்கவில்லை, ஆயில் நீர்த்து டீசல் வாடை அடிக்கிறது என்றால் பிரச்சினை தண்ணீரே அல்ல.

"ஆயிலை மாற்றி ஓட்டு, பார்த்துக்கலாம்" என்பது எல்லாவற்றிலும் ஆபத்தான யோசனை. வழியை அடைக்காமல் ஊற்றும் புது ஆயிலும் வெளுக்கும். ஆனால் வழி தெரியும்வரை வெளுத்த ஆயிலை உள்ளே விட்டுவைப்பதும் தவறு. உப்புத் தண்ணீர் பேரிங்கையும் கிராங்க்கையும் அரிக்க நாள் கணக்கு கேட்காது. மெக்கானிக் நாளைதான் வருவார் என்றாலும், சம்ப்பையும் ஃபில்டரையும் இன்றே வடித்துவிடுங்கள்.