ஆயாவும் தாய்தான்

பிறந்து ஏழெட்டு மாதமானால் குழந்தை வேற்று முகம் பார்க்கத் தொடங்கும். அதுவரை யார் தூக்கினாலும் சிரித்த பிள்ளை, அன்னியர் கை நீட்டினால் அலறி அம்மாவின் தோளில் முகம் புதைக்கும். அது பிடிவாதமல்ல. தனக்கு உரியவர் யார் என்று மனம் தேர்ந்துகொண்டதன் அடையாளம்.

கேரளத்தின் மூணாறிலும் பீர்மேட்டிலும் தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாய், இந்த நேரத்தை ஒட்டித்தான் மறுபடி மலையேறுகிறாள். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு பேறுகளுக்கு விடுப்பு 26 வாரம். பேற்றுக்கு முன்பே சில வாரம் கழிந்துவிட்டால், வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு ஐந்து, ஆறு மாதம்தான். வேற்று முகம் பார்க்கும் பருவத்தில் அதன் பகல் முழுவதும் எஸ்டேட் குழந்தைக் காப்பக ஆயாவின் கையில்.

1951இல் இரண்டு காரியங்கள் நடந்தன. தாயன்பு அறுபடும் குழந்தையின் மனம் என்ன ஆகும் என்று மனநல மருத்துவர் ஜான் பௌல்பி எழுதிய அறிக்கையை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. அதே ஆண்டு நம் நாட்டில் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், அங்கே வெளிச்சமும் காற்றும் சுத்தமும் வேண்டும், பயிற்சி பெற்ற பெண் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆனால் அந்தப் பெண் மாறாமல் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை.

குழந்தைக்கு அதுதான் முக்கியம். உளவியலாளர் மேரி எயின்ஸ்வொர்த் 1954-55இல் உகாண்டா கிராமங்களில் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்க் கவனித்தார். குழந்தைகள் தாயோடு மட்டுமல்ல, தங்களை வளர்க்கும் மற்றவர்களோடும் பற்று வைத்ததைக் கண்டார். பாட்டியும் சித்தியும் தூக்கி வளர்த்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் அந்தக் கை பழகிய கையாக இருக்க வேண்டும். அழுதால் திரும்பிப் பார்க்கும், மழலைக்குப் பதில் சொல்லும் ஆளாக இருக்க வேண்டும். ஒரே ஆயாவிடம் பிள்ளைகள் குவிந்தால் பால் கொடுக்க முடியும், பதில் கொடுக்க முடியாது. பழகிய ஆயாவை வேறு வேலைக்கு மாற்றிவிட்டால், பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பகலில் நான்கு முறை தாய் காப்பகத்துக்கு வந்து பிள்ளையைப் பார்க்க 2017 திருத்தம் இடம் தந்தது. பறிக்கும் காடு தொலைவில் இருந்தால் அது ஏட்டோடு சரி. போய்வரும் நேரத்தில் கொழுந்தின் எடை குறையும், எடையோடு கூலியும் குறையும். தேனிப் பக்கமிருந்து கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியே விடியுமுன் ஜீப்பில் ஏலத்தோட்டங்களுக்கு வரும் பெண்களுக்கு இதுவும் இல்லை. அவர்கள் பிள்ளை மலைக்குக் கீழே அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ இருக்கிறது.

2015 செப்டம்பரில் தோட்டப் பெண் தொழிலாளர்களின் பொம்பிளை ஒருமை மூணாறு சாலையில் உட்கார்ந்து 20 சதவீத போனஸ் கேட்டது. கூலி, வீடு, வைத்தியம் என்று பேசும்போது இனி ஆயாவையும் பேச வேண்டும். அவருக்கு நிரந்தர வேலை, கௌரவமான சம்பளம், கவனிக்க முடிகிற அளவுக்கு மட்டும் பிள்ளைகள், பறிக்கும் காட்டுக்குப் பக்கத்தில் காப்பகம். தொழிற்சங்கங்கள் அடுத்த கூலிப் பேச்சிலேயே இதை எழுத்தில் கேட்கட்டும்.