யார் கண்ணு சாட்சி?

ஆண்டுக் கணக்கு முடிக்கிற நாள். வங்கி வேலை முடிந்து கடைசி பஸ்ஸில் வந்து இறங்கும்போது ராத்திரி பதினோரு மணி. தெற்கே வானம் பளீரென்று வெளுத்தது. பச்சையும் வெள்ளையுமாக ஒரு தீக்கோளம் குறுக்கே கிழித்துக்கொண்டு போனது. என் நிழலே தரையில் ஓடியது. நாலு விநாடிதான். கடையை எடுத்துவைத்துக்கொண்டிருந்த இட்லிக்கடை அக்கா, "பாத்தியா தம்பி!" என்றார்.

அடுத்த நாள் ஆபீஸில் சொன்னேன். "கவிஞருக்குத் தூக்கக் கலக்கம்" என்றார் ஒருவர். வேற யாரு பார்த்தா என்றார்கள். இட்லிக்கடை அக்கா என்றேன். சிரிப்பு இரட்டிப்பாயிற்று.

இந்தச் சிரிப்புக்கு வயசு இருநூறுக்கு மேல். 1790 ஜூலை 24 ராத்திரி, தென்மேற்கு பிரான்சில் பார்போத்தான் பக்கம் ஒரு தீக்கோளம் வெடித்துக் கல் பொழிந்தது. 300 பேருக்கு மேல் சாட்சி சொன்னார்கள். ஒரு ஊரே கட்டுக்கதைக்குக் கையெழுத்துப் போடுகிறதே என்று பரிகாசம் பண்ணினார்கள் படித்தவர்கள். கல் வானத்திலிருந்து விழாது, பாமரன் உளறுகிறான் என்பது மேதாவிகள் தீர்ப்பு.

1794இல் கிளாட்னி என்ற ஜெர்மானியர், சட்டம் படித்தவர், பழைய சாட்சியங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஒருவரையொருவர் அறியாத சனங்கள் ஒரே மாதிரி சொல்கிறார்கள். ஆகவே உண்மை என்றார். அவரையும் கேலி செய்தார்கள். 1803 ஏப்ரல் 26இல் வட பிரான்சின் லேகிள் ஊரைச் சுற்றி ஏறத்தாழ 3,000 கற்கள் விழுந்தன. அரசு அனுப்பிய பியோ என்ற விஞ்ஞானி ஊர் ஊராகப் போய் சனங்களைக் கேட்டார், கற்களைச் சேகரித்தார், விழுந்த பரப்பை வரைந்தார். அதன்பிறகுதான் மேதாவிகள் வாய் அடைத்தது.

விஞ்ஞானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பியோ செய்தது விஞ்ஞானம். கேட்பதும் சரிபார்ப்பதும் விஞ்ஞானம். சொல்கிற வாய் யாருடையது என்று பார்த்துத் தள்ளுவது வெறும் திமிர். அந்தத் திமிர் வானத்து விஷயத்தோடு நிற்பதில்லை தோழர்களே, ஸ்டேஷனிலும் கோர்ட்டிலும் நாம் பார்த்ததுதான்.

சாயந்திரம் அக்காவிடம் போய் நோட்டை விரித்தேன். எங்கே ஆரம்பித்தது? "அந்தப் பனைமரத்துத் தலையில." எங்கே அணைந்தது? "தண்ணித் தொட்டிக்கு இந்தப் பக்கம்." பிறகு அவரே சொன்னார்:

"நீ போனதுக்கப்புறம் ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு இடி மாதிரி உருண்டுச்சே, கேக்கலியா?"

நான் கேட்கவில்லை. வெளிச்சம் முதலில் வரும். சத்தம் நிமிஷக் கணக்கில் பிந்தித்தான் வரும். அதுவரை நின்றிருந்தவர் அவர்தான். எழுதிக்கொண்டேன்.