கோயிலானாலும் கவனம் வேண்டும்

"ஞாயிறு பள்ளிக்குத்தானே போறா, பயம் என்ன?" என்று நிம்மதியாக இருந்து விடுகிறோம். தெருவில் முன்பின் தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே என்று சொல்லிக் கொடுக்கும் நாம், பாட்டுச் சொல்லித் தரும் அண்ணனைப் பற்றியோ, ஜெபிக்க வரும் பெரியவரைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. ஆனால் குழந்தைகளிடம் தகாத முறையில் நடப்பவர்களில் பெரும்பாலோர் அவர்களுக்கு நன்றாகப் பழக்கமானவர்களே.

சகோதரிகளே, இது பக்தியைக் குறை சொல்லும் பேச்சல்ல. நம்பிக்கை அதிகமான இடத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை. 2002-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் வெளிவந்த விஷயம் இதுதான்: புகாருக்கு ஆளான பாதிரியார்களை விலக்காமல், பங்கு விட்டுப் பங்கு மாற்றிக்கொண்டே வந்திருந்தார்கள். திருச்சபையின் பேரைக் காக்கப்போய், மேலும் பல குழந்தைகள் பலியானார்கள்.

2019-ல் போப் பிரான்சிஸ், இத்தகைய குற்றத்தை அறியும் குருக்களும் துறவியரும் மேலிடத்துக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று விதித்தார். தம்மைக் காத்துக்கொள்ள இயலாத பெரியவர்களையும் அதில் சேர்த்தார்.

நம் நாட்டில் 2012-ல் வந்த போக்சோ சட்டம் இன்னும் கண்டிப்பானது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நடந்த பாலியல் குற்றம் தெரிந்தவர் யாரானாலும் போலீசுக்குச் சொல்ல வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை உண்டு. தமக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருஷம் வரை. ஆகவே, "வெளியே தெரிஞ்சா அசிங்கம், கமிட்டியிலே பேசி முடிச்சுக்கலாம்" என்பதற்கு இடமே இல்லை.

போலீஸ் என்றதும் பயப்பட வேண்டாம். குழந்தையை வீட்டில் வைத்தே விசாரிக்கலாம். கூடுமானவரை பெண் அதிகாரி, அதுவும் சீருடை இல்லாமல். குழந்தையின் பெயரைப் பத்திரிகையில் போடக் கூடாது.

உங்கள் சபையில் மாதர் சங்கத்தின் மூலம் இவற்றைக் கேளுங்கள்:

1. ஞாயிறு பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி, பாட்டுப் பயிற்சி எதுவானாலும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும்.

2. வெளியூர் முகாமில் பெண் பிள்ளைகளுடன் பெண்களே தங்க வேண்டும்.

3. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளுக்குப் பரிசோ, போனில் செய்தியோ யாரும் அனுப்பக் கூடாது.

4. மனவளர்ச்சி குன்றியவர்கள் வயதால் பெரியவர்களானாலும் இதே காவல் அவர்களுக்கும் வேண்டும்.

5. தனியாக இருக்கும் பாட்டியிடம் காணிக்கை, பத்திரம் என்று யாராவது கையெழுத்து கேட்டால், வீட்டு மனிதர் ஒருவர் கூட இருக்க வேண்டும். முதியோருக்கு உதவி எண் 14567.

"அந்த அங்கிள் கிட்ட போகமாட்டேம்மா" என்று குழந்தை சொன்னால் அதட்டாதீர்கள். திரும்பத் திரும்பத் துருவிக் கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லதாச்சு, கண்ணு. உன் மேலே தப்பே இல்லே" என்று அணைத்துக் கொள்ளுங்கள். பிறகு 1098-க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். பாதிரியாரிடமோ, ஐயரிடமோ சொல்வது அதற்கு அப்புறம் இருக்கட்டும்.