விற்ற பிறகும் வீட்டை விட்டுப் போகாத வியாபாரி

பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட் 2014 டிசம்பரில் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அமெரிக்க நிலப்பரப்பைச் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, கிழக்குக் கடற்கரையில் கிளம்பி மேற்குக் கடற்கரை வரை காரோட்டிப் போகலாம் என்று ஆசை காட்டிய விளையாட்டு அது. பிறரோடு சேர்ந்தும் ஆடலாம், தனியாகவும் ஆடலாம். தனியாக ஆடுபவருக்கென்று ஒரு கதையும் உண்டு. ஆனால் தனியாக ஆடினாலும் இணையத் தொடர்பு இருந்தாக வேண்டும். நிறுவனத்தின் சர்வர் தலையசைத்தால்தான் கார் நகரும். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அதோடு, முழு விலை கொடுத்து வாங்கியவர்களின் அலமாரியில் இருந்த குறுந்தகடுகள் வெறும் பிளாஸ்டிக் வட்டுகளாயின. அதன் பிறகும் மனம் ஆறவில்லை போலும். அடுத்த சில நாட்களில் கணினியில் வாங்கியிருந்தவர்களின் கணக்கிலிருந்து அந்த விளையாட்டின் உரிமத்தையே நீக்கினார்கள்.

இதை என்னவென்று சொல்வது? தமிழ் படித்தவன் என்ற முறையில் சொற்களைப் பற்றிக் கவலைப்படுவது என் தொழில். விற்றல் என்பது ஒரு பொருளின் மீதான தன் உரிமையை முற்றாக விட்டுக்கொடுத்தல். மாட்டை விற்றவன் கயிறு மாற்றிக் கொடுத்த பிறகு அந்த மாட்டின் மேல் உரிமை கோருவதில்லை. விற்ற பிறகும் வாங்கியவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, தினமும் கறக்கும்போது என் அனுமதியைக் கேள், ஒருநாள் நான் எழுந்து போனால் மாடும் என்னோடு வந்துவிடும் என்று சொல்கிறவனை ஊர் என்ன பெயரிட்டு அழைக்கும் என்பது நமக்குத் தெரியும். வீடியோ விளையாட்டுத் துறை மட்டும் அவனுக்கு 'சேவை வழங்குநர்' என்று பெயர் சூட்டியிருக்கிறது.

இலக்கிய வாசகர்களில் சிலர் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள் என்பதை அறிவேன். பிள்ளைகளின் பொழுதுபோக்குக்கு இத்தனை ஆவேசமா என்பார்கள். அவர்களுக்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்டுகிறேன். 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், தன் கிண்டில் கருவியில் வாசகர்கள் பணம் கொடுத்து வாங்கிவைத்திருந்த சில நூல்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். அழிக்கப்பட்ட நூல் எது தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'. கூடவே 'விலங்குப் பண்ணை'யும். எந்த நையாண்டி எழுத்தாளனும் இதைக் கற்பனை செய்திருந்தால் மிகை என்று ஒதுக்கியிருப்போம். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கே வாங்கிய நூல்கள் அத்தனையும் வாசகர்களின் கருவிகளிலிருந்து மறைந்தன. பணம் திரும்ப வந்தது, புத்தகம் போய்விட்டது. ஆகவே விளையாட்டு ஆடுகிறவர்களின் கோபத்தை வேறு ஏதோ தெருவில் நடக்கும் சண்டை என்று கடந்து போகாதீர்கள். நம்முடைய தெருதான் அது, அவர்கள் கொஞ்சம் முன்னால் நிற்கிறார்கள்.

எப்போதும் இணையத்தில் இருந்தாக வேண்டும் என்ற இந்தக் கட்டாயம் கள்ளப் பிரதியைத் தடுக்கவே என்று முதலில் சொல்லப்பட்டது. 2010 மார்ச்சில் 'அஸாசின்ஸ் க்ரீட் 2' கணினிக்கு வந்தபோது யூபிசாஃப்ட் இதைப் புகுத்தியது. ஒருவர் தனியாக ஆடும் கதை விளையாட்டு அது. இருந்தும் நடுவில் இணையம் அறுந்தால் ஆட்டம் நின்றுவிடும். அந்த மாதமே யாரோ நிறுவனத்தின் சர்வர்களைத் தாக்கி முடக்க, காசு கொடுத்து வாங்கிய நேர்மையாளர்கள் ஆட முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். சில வாரங்களில் பூட்டு உடைக்கப்பட்டது. அதன்பின் கள்ளப் பிரதி வைத்திருந்தவனுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. இணையம் அறுந்தாலும் சரி, சர்வர் படுத்தாலும் சரி, அவன் நிம்மதியாக ஆடினான். திருடனுக்கு வழிவிட்டு வீட்டுக்காரனை வாசலில் நிறுத்திச் சோதனையிடும் இந்தக் காவல்முறையை, 2012இல் தாங்கள் கைவிட்டுவிட்டதாக அந்த நிறுவனமே சொன்னது. இரண்டே ஆண்டுகளில் வந்ததுதான் 'தி க்ரூ'.

கள்ளப் பிரதி என்ற சாக்கு வலுவிழந்ததும் வேறொரு காரணம் கண்டுபிடிக்கப்பட்டது: விளையாட்டின் வடிவமைப்பே அப்படித்தான், சர்வர் இல்லாமல் அது இயங்காது என்றார்கள். இந்தக் காரணத்தின் லட்சணத்தை அறிய 'சிம்சிட்டி'யின் கதையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

சிம்சிட்டி 1989 முதல் வந்துகொண்டிருக்கும் நகர நிர்மாண விளையாட்டு. சாலை போட்டு, மின்சாரம் கொடுத்து, வரி விதித்து, ஒரு நகரம் வளர்வதை ஆடுபவர் தன் போக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். தோட்டம் போடுவதைப் போன்ற, தனிமையின் இன்பம் அது. 2013 மார்ச்சில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அதன் புதிய வடிவத்தை இணையக் கட்டாயத்தோடு வெளியிட்டது. முதல் நாளிலிருந்தே சர்வர்கள் திணறின. வாங்கியவர்கள் தங்கள் சொந்த நகரத்துக்குள் நுழைய வரிசையில் காத்திருந்தார்கள். மணிக்கணக்கில் கட்டிய நகரங்கள் சிலருக்குக் காணாமல் போயின. சுமையைக் குறைக்க, ஆட்டத்தை வேகமாக ஓட்டும் வசதியையே நிறுவனம் தற்காலிகமாக நிறுத்தியது. அமேசான் சில நாட்கள் அதன் டவுன்லோட் விற்பனையை நிறுத்திவைத்தது. வாங்கியவர்களைச் சமாதானப்படுத்த வேறொரு விளையாட்டை இலவசமாகக் கொடுத்தார்கள், கல்யாண வீட்டில் சாப்பாடு தீர்ந்துபோய் வெற்றிலை பாக்கை இரண்டு மடங்காகக் கொடுப்பது போல.

கணக்கீடுகளில் பெரும்பகுதி எங்கள் சர்வர்களில்தான் நடக்கிறது, பெரும் பொறியியல் உழைப்பு இல்லாமல் இதை இணையமின்றி ஓட வைக்க முடியாது என்று விளையாட்டை உருவாக்கிய மேக்சிஸ் பிரிவின் தலைவர் லூசி பிராட்ஷா விளக்கம் சொன்னார். அந்த மாதமே ரசிகர் ஒருவர் நிரலில் சிறிது கைவைத்து, நகரம் இணையமின்றியே இயங்குவதைக் காட்டிவிட்டார். ஓராண்டு கழித்து, 2014 மார்ச்சில், நிறுவனமே ஆஃப்லைனில் ஆடும் வழியைத் திறந்துவிட்டது. முடியாது என்பதும் விருப்பமில்லை என்பதும் வேறு வேறு. தமிழில் இவை இரண்டு தனித்தனிச் சொற்கள்; இந்தத் துறையின் அறிக்கைகளில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நின்றுகொண்டிருக்கிறது.

'டயாப்ளோ 3' இன்னொரு சாட்சி. 2012 மே மாதம் வெளியானபோது முதல் 24 மணி நேரத்தில் 35 லட்சம் பிரதிகள் விற்றன. வாங்கியவர்களில் ஏராளமானோர் கண்டது விளையாட்டை அல்ல, 'எரர் 37' என்ற அறிவிப்பை. விளையாட்டுக்குள்ளேயே உண்மைப் பணத்தில் பொருட்களை ஏலம் விடும் சந்தையை அதில் வைத்திருந்தார்கள். ஏமாற்று நடக்காமலிருக்க அனைவரும் இணைப்பிலேயே இருந்தாக வேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டு அதே விளையாட்டு பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் வந்தபோது இணையமின்றி ஆட முடிந்தது! 2014 மார்ச்சில் ஏலச் சந்தையையும் மூடினார்கள். கணினியில் மட்டும் கட்டாயம் தொடர்ந்தது. காரணம் இறந்துவிட்டது, விதி உயிரோடிருக்கிறது. ஆண்டவன் செத்த பிறகும் வரி வசூலிக்கும் காரியக்காரர்களை நாம் வரலாற்றில் பார்த்திருக்கிறோம்.

திமிர் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு 2013ஆம் ஆண்டே போதும். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்டாவிட்டால் ஆட முடியாத வகையில் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியை மைக்ரோசாஃப்ட் திட்டமிட்டது. இணையம் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, அவர்களுக்குப் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறதே என்று அப்பிரிவின் தலைவர் டான் மேட்ரிக் பதில் சொன்னார். எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஜூன் மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. வாங்குகிறவர்கள் ஒரே குரலில் பேசினால் கேட்கும் காது இவர்களுக்கு உண்டு என்பதும் அப்போது தெரிந்தது.

'தி க்ரூ' அணைக்கப்பட்டதை அடுத்து, 2024 ஏப்ரலில் ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்க யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்திடம் அளிக்க அதன் சார்பில் தொடங்கப்பட்ட மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. சர்வரைக் காலாகாலத்துக்கும் நடத்து என்று யாரும் கேட்கவில்லை. கடையை மூடும்போது, விற்ற பொருள் இயங்கும் நிலையில் இருக்க ஒரு வழி செய்துவிட்டுப் போ என்பதுதான் கோரிக்கை. நிறுவனங்களின் கூட்டமைப்பான வீடியோ கேம்ஸ் யூரோப் இதற்குச் சொன்ன மறுமொழியில் செலவு அதிகமாகும், ரசிகர்கள் தாமே நடத்தும் சர்வரில் பாதுகாப்பு இராது, பல விளையாட்டுகள் இணையத்துக்கென்றே பிறந்தவை என்ற வாதங்கள் இருந்தன. கடைசி வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயிரம் பேர் கூடினால்தான் திருவிழா. ஒருவர் தனியாகத் தேரிழுக்க முடியாது. ஆனால் தேரையாவது ஊரில் விட்டுவிட்டுப் போகலாமே? 1996இல் வந்த 'குவேக்' விளையாட்டில் ஆடுகிறவர்கள் தாங்களே சர்வர் நடத்தலாம். இன்றும் நடத்துகிறார்கள். 2023இல் 'நாக்அவுட் சிட்டி' மூடப்பட்டபோது, அதை உருவாக்கிய சிறிய நிறுவனம் ரசிகர்கள் சொந்தமாக சர்வர் வைத்து ஆடும்படியான ஒரு வடிவத்தைக் கொடுத்துவிட்டே விடைபெற்றது. சிறியவர்களால் முடிந்தது பெரியவர்களுக்கு ஏன் செலவாகிறது?

எனக்கு இதில் உண்மையாகவே வலிக்கும் இடம் பணமல்ல. ஒரு படைப்பு எப்படி எஞ்சுகிறது என்ற கேள்வி. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சா.வுக்கு ஏடுகள் ஒரே மையத்திலிருந்து வரவில்லை; மடங்களிலிருந்தும் தனி மனிதர்களின் வீட்டுப் பரண்களிலிருந்தும் வந்தன. கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் தேடித்தேடி வாங்கிச் சேர்த்தவைதான் இன்று சென்னையில் அவர் பெயரால் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. அவர் வாங்கிய இதழ்களை, பதிப்பாளர் கடையை மூடிய நாளில் காகிதம் வெள்ளையாகிவிடும்படி அச்சிட்டிருந்தால் நம்மிடம் என்ன மிஞ்சியிருக்கும்? 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டுச் சொன்னது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பழைய பிரதியாவது யாரோ ஒருவர் வீட்டில் இருக்கும். சர்வரை நம்பிப் பிறந்தவற்றுக்கு அந்த நப்பாசையும் கிடையாது. நூலகங்கள் பாதுகாக்கும் பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து அணுக அனுமதிக்குமாறு கேட்டபோது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. அனுமதித்தால் பொழுதுபோக்குக்காக ஆடிவிடுவார்கள் என்பது தொழில்துறையின் ஆட்சேபம். நாவலை ஆய்வுக்காக எடுத்தவர் தப்பித்தவறி ரசித்துவிடக் கூடாது என்று எந்த நூலகரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறது. கொடுப்பது உரிமம் மட்டும்தான் என்றால், அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லைக் கடைக்காரர் பயன்படுத்தக் கூடாது. பாராட்டுகிறார்கள். எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. சொல் திருந்தியது, செயல் அப்படியே இருக்கிறது. பறிப்பதற்கு முன் பறிப்பேன் என்று அறிவித்துவிட்டால் போதும் என்றாகிவிட்டது. 'தி க்ரூ'வை வாங்கிய இருவர் அதே மாநிலத்தில் 2024 நவம்பரில் வழக்குத் தொடுத்தார்கள். இணைய வசதியை நிறுத்தும் உரிமை தனக்கு உண்டு என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறோமே என்றது நிறுவனம். அந்த விளையாட்டோடு வந்த குறியீட்டுச் சீட்டின் காலாவதி ஆண்டைச் சுட்டிக்காட்டினார்கள் வழக்குத் தொடுத்தவர்கள். அதில் இருந்தது 2099.

நிறுவனம் அசையவில்லை என்று சொல்ல முடியாது. அடுத்து வந்த 'தி க்ரூ 2'க்கு 2025இல் ஆஃப்லைன் வழியைச் செய்து கொடுத்தது. முதல் விளையாட்டுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. அதற்காக உலகின் பல மூலைகளில் இருந்த ரசிகர்கள் சிலர், மூடப்படுவதற்கு முன் பதிவு செய்துவைத்த தரவுகளைக் கொண்டு, ஊதியமின்றி உழைத்து அதன் சர்வரைத் தாங்களே மறுபடி எழுதினார்கள். 2025 செப்டம்பரில் 'தி க்ரூ அன்லிமிடெட்' என்ற பெயரில் அது வெளிவந்தது. பழைய கோப்புகளை அழிக்காமல் வைத்திருந்தவர்கள் இப்போது அந்தச் சாலைகளில் மறுபடியும் காரோட்டுகிறார்கள், விற்றவரின் அனுமதி இல்லாமல்.