பாட்டுக்கு விருது, நிலத்துக்கு?

கோவையிலிருந்து ஆனைகட்டியைத் தாண்டினால் கேரளத்து அட்டப்பாடி. அங்குள்ள இருளர் பாடகி நஞ்சியம்மாவுக்கு, 'அய்யப்பனும் கோஷியும்' படப் பாட்டுக்காக 2022இல் தேசிய விருது அறிவித்தார்கள். நம் சங்க அன்பர்களும் மகிழ்ந்தோம். இருளர் மொழி தமிழுக்கு நெருங்கிய உறவாயிற்றே!

ஆனால் அகளியில் கணவர் குடும்பத்து நிலம் பிறர் கைக்குப் போய்விட்டதென்று அவர் முறையிட்டு வந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? பழங்குடியினர் நிலத்தை மீட்டுத் தரக் கேரளம் 1975இலேயே சட்டம் செய்தது. விதிகள் வர 1986 ஆயிற்று. 1999இல் வந்த சட்டமோ, இரண்டு ஹெக்டேர்வரை கைமாறியதை அப்படியே விட்டு, வேறிடம் தருவதாகச் சொன்னது. இதற்குப் பெயர் மீட்பா?

விருது பெற்றவருக்கே இந்தப் பாடு என்றால், ஆடு மேய்க்கும் மற்றப் பெண்களுக்காக யார் வழக்கு நடத்துவார்கள்? பொங்கல் விழாவில் மலைப்பாட்டு வைக்கும்போது இதையும் மேடையில் சொல்லவேண்டும் என்கிறேன். "விழாவில் இதெல்லாம் எதற்கு?" என்பவர்கள், பாட்டை மட்டும் ஏன் கேட்கிறார்கள்?