துப்பாக்கிச் சுற்றுலா உழவனைக் காப்பாற்றாது!



"வெளிநாட்டுல மாதிரி காசு வாங்கிட்டு வேட்டைக்கு விடுங்க, காட்டுப்பன்றி தொல்லை தானா ஒழியும்"னு சிலர் கிளம்பியிருக்காங்க. தனியார் வேட்டைக்காடு, கூட வர வழிகாட்டி, சுட்ட தலையைச் சுவர்ல மாட்டிக்கிறது... சரி, அந்த வெளிநாட்டுல என்ன நடந்துச்சுன்னு பார்ப்போமா?

1912. அமெரிக்காவின் வட கரோலினா மலையில் ஹூப்பர் பால்ட் என்ற இடம். பணக்காரர்கள் சுட்டு மகிழ ஒரு தனியார் வேட்டைக்காடு அமைத்தார்கள். அதற்காகவே கடல் கடந்து காட்டுப்பன்றிகளைக் கொண்டுவந்து வேலிக்குள் விட்டார்கள். சில ஆண்டுகளில் பன்றிகள் வேலியை உடைத்து வெளியேறி, பக்கத்து மாநிலமான டென்னசி வரை பரவின. வேட்டைக்கு வந்தவன் வீட்டுக்குப் போயிட்டான். பன்றி போகலை!

1999-ல் டென்னசி அரசு, 'எத்தனை வேணும்னாலும் சுடுங்க' என்று மாநிலம் முழுக்கத் திறந்துவிட்டது. பன்றி குறைஞ்சுதா? இல்லை. வேட்டை ஆசை பிடித்தவர்களே பன்றியைப் பிடித்துப் புதுப்புது இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். 2011-ல் அரசே அந்த முடிவைக் கைவிட்டது. 2016-ல் மிசௌரி மாநிலம் தன் வனப் பாதுகாப்பு நிலங்களில் பன்றி வேட்டையையே தடை செய்தது. ஒண்ணைச் சுட்டா மீதிக் கூட்டம் சிதறி ஓடும். மொத்தமாகக் கூண்டில் பிடிக்கும் வேலை கெட்டுப்போகும்.

கணக்கு ரொம்ப எளிது. பன்றி இருந்தால்தான் கல்லா நிறையும் என்று ஆனபின், பன்றி ஒழிய எந்த முதலாளி விடுவான்? காசு கொடுத்து வர்றவன் கோரைப்பல் நீண்ட ஆண் பன்றியைத் தேடுவான். குட்டி போடும் பெண் பன்றி காட்டிலேயே இருக்கும்.

அப்போ, டார்ச் லைட்டும் தகர டப்பாவுமா ராத்திரி முழுக்க நிலக்கடலைக்குக் காவல் இருக்கும் நம்ம உழவனுக்கு என்ன வழி?

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவு அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சரி, காட்டை ஒட்டியே விதைக்கிறவன் யாரிடம் போவான்? வழியில்லாம திருட்டு மின்வேலி போடுறான். அதில் யானையும் சாகுது, மனுஷனும் சாகுறான்.

நாம் கேட்பது இவைதான்:

🔴 பயிர்ச்சேத இழப்பீடு 30 நாளில் கைக்கு வரணும். குத்தகை உழவருக்கும் சேர்த்து!

🔴 காடு ஒட்டிய ஒவ்வொரு ஊராட்சிக்கும் கூண்டும் பிடிக்கும் குழுவும் வேணும்.

🔴 சிறு உழவருக்குச் சூரிய மின்வேலி முழு மானியத்தில் வேணும்.

🔴 வேட்டையை வியாபாரமாக்கும் பேச்சே கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உயிருக்கும் பயிருக்கும் ஆபத்து போன்ற காரணங்களுக்கே அனுமதி தருகிறது, பொழுதுபோக்குக்கு அல்ல!

உழவனின் கண்ணீரைக் காட்டி எவனோ துப்பாக்கிக் கடை விரிக்க விடமாட்டோம். உங்க ஊர்ல எத்தனை ஏக்கர் போச்சு, இழப்பீடு வந்துச்சா? கமெண்ட்ல எழுதுங்க. பகிருங்க!

#வேட்டைவேண்டாம்_இழப்பீடுவேண்டும்
#உழவர்பக்கம்நிற்போம்